பதினான்காம் கட்டிலின் ஈரம்

போன மாதம் ஏற்காட்டில் நம் கட்டட அறிவியல்காரர்கள் கூடியபோது எனக்குக் கம்பளிச் சால்வை ஒன்று போர்த்தினீர்கள். நன்றி. அன்றைய பனிக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லி முடியாது. ஓய்வு பெற்றவளுக்குப் பட்டுப் பொன்னாடையைவிடக் கம்பளிதான் உதவும் என்று யோசித்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

சால்வையோடு ஒரு பாராட்டுப் பத்திரமும் வாசித்தார்கள். "ஏற்காட்டு மாணவியர் விடுதியின் சுவர் ஈரத்துக்குக் காரணம் கண்டுபிடித்து, அந்த விடுதி மூடப்படாமல் காத்தவர்" என்று அதில் ஒரு வரி வந்தது. நீங்கள் கைதட்டினீர்கள். நான் அப்போதே எழுந்து மறுத்திருக்க வேண்டும். ஏற்புரைக்குக் கொடுத்தது ஐந்து நிமிடம். மேடையில் இருந்தவர்களின் பெயர்களைப் பட்டங்களோடு சொல்வதற்கே நாலு நிமிடம் போய்விட்டது. மிச்ச ஒரு நிமிடத்தில் நீங்கள் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அந்த வரியை நம்பக் கூடாது. அந்த விடுதியை மூடும் நிலைக்குக் கொண்டுபோனவளே நான்தான்.

விடுதி கிளியூர்ப் பக்கம். எந்தத் துறையுடையது, கட்டியவர் யார் என்றெல்லாம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பஸ் எட்டிப் பார்க்காத மலைக் கிராமங்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கிற பெண் பிள்ளைகள் நாற்பது பேர் அங்கே இருந்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. ஒரே நீளக் கூடம், வரிசையாக இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் பெயிண்டில் எழுதிய எண். கூடத்தின் வடக்குச் சுவர் எந்நேரமும் நனைந்து கிடக்கிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள் என்று புகார் வந்தது. சென்னையில் நான் வேலை பார்த்த ஆய்வு நிலையத்திலிருந்து என்னை அனுப்பினார்கள்.

நான் போனது ஐப்பசி மழையில். சாரல் வடக்குச் சுவரில் அறைந்துகொண்டிருந்தது. சுவருக்கு வெளியே இரண்டு மூன்று கீறல்கள். கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த காற்றுத் துவாரங்கள் வழியாகத் தூறல் உள்ளே விழுந்தது. மழையையும் ஈரச் சுவரையும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டால் நம் ஆட்களுக்கு வேறென்ன வேண்டும்? கார்க் கதவைத் திறந்து இறங்கும்போதே அறிக்கை என் மனதில் பாதி முடிந்துவிட்டது.

ஆனாலும் முறைப்படி ஈரம் அளக்கும் மூன்று கருவிகளைச் சுவரில் பொருத்தி, சில வாரம் விட்டு, பதிவான எண்களை எடுத்துப் பார்த்தேன். மழை நாட்களில் ஈரம் காட்டியது. சரி. மழையே இல்லாத, வானம் வெளுத்த சில நாட்களின் விடியற்காலையிலும் ஈரம் காட்டியது. அதுவும் மழை நாட்களைவிட அதிகமாக. அது என் கணக்கில் எங்கேயும் பொருந்தவில்லை. பொருந்தாததை என்ன செய்வோம்? பனியில் கருவி நனைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்த நாட்களுக்கு நேரே 'கருவிக் கோளாறு' என்று எழுதி ஓரமாகத் தள்ளினேன். இந்த இரண்டு சொல்லை எழுதும்போதெல்லாம் கையை ஒரு தடவை உதறிக்கொள்ளுங்கள். நம் தொழிலில் சோம்பேறித்தனத்துக்கு இதைவிட மரியாதையான பெயர் கிடையாது.

கருவிகளைக் கழற்ற வந்த அன்று விடுதியின் வார்டன் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். பூங்கொடி என்று பெயர். நாற்பது வயதிருக்கும். அதே மலையில் பிறந்து வளர்ந்தவர். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஏனுங்க மேடம், மழையில்லாதப்பவும் செவுரு நனையுதுங்களே, அது எதுனாலைங்க?"

"சுவர் குடிச்ச தண்ணி காயறதுக்கு நாளாகுமுங்க" என்றேன். மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமல்தான் சொன்னேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

கீறல்களை அடைக்க வேண்டும், வெளிப்புறம் நீர் புகாத பூச்சு பூச வேண்டும், சாரல் வராதபடி காற்றுத் துவாரங்களை முழுக்க மூட வேண்டும். இதுதான் என் அறிக்கை. மூன்று பக்கத்தில் அழகாக எழுதியிருந்தேன். வழக்கமாக இழுத்தடிக்கிற வேலையை அந்தத் தடவை மட்டும் பத்தே நாளில் முடித்துவிட்டார்கள்.

தை மாதம் தொலைபேசி வந்தது. சுவர் முன்னைவிட மோசமாகிவிட்டது. தரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை. இரண்டு பிள்ளைகளுக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். துறை அதிகாரி நேரில் வந்து பார்த்திருக்கிறார். 'நிபுணர்கள் சொன்னபடியெல்லாம் செய்தும் நனைகிறது என்றால் கட்டடமே லாயக்கில்லை' என்பது அவர் முடிவு. விடுதியை மூடிவிட்டுப் பிள்ளைகளைச் சமவெளியில் இருக்கும் விடுதிகளுக்குப் பிரித்து அனுப்பலாம் என்று எழுதிவிட்டார். ஒன்பது நாளில் சேலத்தில் விசாரணை. அதிகாரியின் முடிவுக்கு ஆதாரமாக அவர் கோப்பில் இருந்தது என் கையெழுத்துப் போட்ட அறிக்கை.

மலைக் கிராமத்துப் பெற்றோர் பெண் பிள்ளையைச் சேலத்துக்கோ தர்மபுரிக்கோ அனுப்புவார்களா? நாற்பதில் பத்துப் பேர் போனால் பெரிது. மற்றவர்களுக்குப் படிப்பு அதோடு சரி.

எங்கள் பிரிவுத் தலைவரிடம் ஓடினேன். அவர் பெயரை எழுதினால் இந்த வயதிலும் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டுவார், ஆகவே தலைவர் என்றே வைத்துக்கொள்வோம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். புதிதாக வாங்கிய இன்னும் நுட்பமான கருவிகளை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன்.

"ஒரு கருவியும் எடுத்துக்காதீங்க. அங்க தினம் தூங்கி எழுந்திருக்கறவங்க கிட்ட போய் உட்காருங்க. அதைத்தான் நீங்க இன்னும் செய்யலை" என்றார்.

அன்றிரவே சென்னையில் ரயிலேறி, மறுநாள் காலை அடிவாரத்தில் பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் பிசைந்துகொண்டு, ஒன்பது மணிக்கு விடுதி வாசலில் நின்றேன். கைப்பையைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை. பூங்கொடி என்னைப் பார்த்து வாங்க என்றார், அவ்வளவுதான். இந்த முறை தேநீர் வரவில்லை.

நேரே கூடத்துக்குக் கூட்டிப்போனார். பழைய துண்டு ஒன்றைச் சுவரில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். வாளிக்கு மேலே பிடித்துப் பிழிந்தார். தண்ணீர் கொட்டியது.

"மழ பேஞ்சு மூணு வாரமாச்சுங்க மேடம். இப்ப வெளிய போயி அதே செவுத்தத் தொட்டுப்போட்டு வாங்க."

போய்த் தொட்டுப் பார்த்தேன். என் பூச்சு பளபளவென்று இருந்தது. பொட்டு ஈரமில்லை. வெயில் படாத பக்கம், சுவர் சில்லென்றுதான் இருந்தது, ஆனால் காய்ந்திருந்தது. திரும்பி உள்ளே வந்தேன்.

"சோத்துப் பானை மூடியத் தூக்குனா உள்பக்கம் தண்ணி சொட்டுமில்லீங்க? அப்படித்தானுங்க இதும்" என்றார் பூங்கொடி. "நாப்பது புள்ளைங்க மூச்சு. மழைனாலும் பனினாலும் துவைச்ச துணியெல்லாம் இதுக்குள்ளதான் காயுது. ராத்திரி குளுருக்குச் சன்னல அடைச்சுப்போடறோம். மேல இருந்த ஓட்டை வழியாத்தான் கொஞ்சம் வெளிய போயிட்டு இருந்துச்சுங்க. அதையும் நீங்க அடைக்கச் சொல்லிப்போட்டீங்க."

நான் பயிற்சி வகுப்புகளில் இருபது வருடம் பாடம் நடத்திய விஷயம் இது. சூடான ஈரக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டால் தண்ணீராகும் என்று கரும்பலகையில் எத்தனை தடவை படம் போட்டிருப்பேன். வெளியே பெய்த மழையைப் பார்த்த கண்ணுக்கு உள்ளே இருந்த நாற்பது மூக்கு தெரியவில்லை.

"இதை எத்தனை நாளா கவனிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசமா எழுதியே வெச்சிருக்கறனுங்க."

என்ன எழுதினார், ஏன் எழுதினார் என்பதைச் சொல்கிறேன். சுவரை ஒட்டிய பதினான்காம் கட்டிலில் ஒரு சின்னப் பெண். ஒரு நாள் காலையில் அவள் மெத்தை நனைந்திருந்தது. அடுத்த நாளும். படுக்கையில் ஒன்றுக்குப் போய்விடுகிறாள் என்று மற்றப் பிள்ளைகள் கேலி பேச ஆரம்பித்தார்கள். அந்த வயதில் கேலி எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றார்கள். அவள் ஊருக்கே போய்விடுகிறேன் என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். தகப்பனுக்கும் சொல்லி அனுப்பிவிட்டாள்.

பூங்கொடி அந்தப் பெண்ணிடம் ஒன்றும் கேட்கவில்லை. மெத்தையை முகர்ந்து பார்த்தார். மூத்திர வாடை இல்லை. ஒரு நோட்டைப் போட்டு, தினமும் காலையில் ஐந்து மணிக்கு ஒவ்வொரு மெத்தையையும் தொட்டுப் பார்த்து, தேதி, கட்டில் எண், பெயர், ஈரம் அல்லது காய்ந்தது, வெளியே மழையா பனியா வெயிலா என்று எழுத ஆரம்பித்தார். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணை நடு வரிசைக்கு மாற்றி, கேலி பேசியதில் முதல் ஆளாக இருந்த பெரிய பெண்ணைப் பதினான்காம் கட்டிலில் படுக்க வைத்தார். நடு வரிசை மெத்தை காய்ந்தே இருந்தது. பெரிய பெண்ணின் மெத்தை நனைந்தது. அதற்குப் பிறகு ஒருத்தி வாயும் திறக்கவில்லை. தகப்பன் வந்து பார்த்துவிட்டுத் தனியாகவே திரும்பிப் போனார்.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எந்தக் கட்டில் எப்போது நனைகிறது என்று தெரிந்தால் பிள்ளைகளை மாற்றி மாற்றிப் படுக்க வைக்கலாம், ஒருத்திக்கே கஷ்டம் வராது என்று தொடர்ந்து எழுதியிருக்கிறார்.

நண்பர்களே, ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்து விளைவைப் பார்ப்பது என்று நாம் பெரிய வார்த்தைகளில் சொல்கிற சோதனை இதுதான். பட்டம் வாங்கிய நான் அதைச் செய்யவில்லை. ஒரு பிள்ளையின் மானத்துக்காக இவர் செய்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் வந்ததா சந்தோஷத்தில் வந்ததா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

"அந்த நோட்டைக் குடுங்க. விசாரணையில வெச்சா விடுதியைக் காப்பாத்திடலாம்" என்றேன்.

"குடுக்க மாட்டனுங்க மேடம்."

நான் சரியாகப் புரியவைக்கவில்லை என்று நினைத்து மறுபடியும் சொன்னேன். அவர் மறுபடியும் முடியாது என்றார். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளைகளின் பெயர் இருக்கிறது, பெயருக்கு நேரே மெத்தை ஈரம் என்று இருக்கிறது. அது அலுவலகத்துக்குப் போனால் நாலு பேர் படிப்பார்கள். படித்ததில் ஒருவர் இந்த மலைக்காரராக இருப்பார். செவுரு நனைந்ததா பிள்ளை நனைத்ததா என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விடுதியே போகப் போகுது. இதுல பேரு இருந்தா என்னங்க?" என்று சத்தமாகவே கேட்டேன்.

"விடுதி போச்சுன்னா நாலு புள்ளைங்களாவது எங்கியாச்சும் போயி படிச்சுக்குமுங்க. இந்தப் பேரு வெளிய போச்சுன்னா கூடவே வருமுங்க மேடம். கட்டிக்குடுக்கற ஊட்டு வரைக்கும் வரும்." அவர் குரலை உயர்த்தவில்லை.

நான் வெளியே போய்விட்டேன். எதிரே எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு அரை மணி நேரம் நின்றிருப்பேன். என் வசதிக்குப் பொருந்தவில்லை என்று சில எண்களைத் தள்ளினேன். அதனால் வந்தது இவ்வளவும். இப்போது என் வசதிக்காக அந்தப் பிள்ளையைத் தள்ளச் சொல்கிறேன். இதுதான் எனக்கு உறைத்தது. அறிக்கையைத் திருத்தினால் போதும் என்று மலையேறி வந்தவள் நான். திருத்த வேண்டியது வேறொன்றும் இருந்தது.

உள்ளே போய், "நான் கோபமா பேசினது தப்புங்க. மன்னிச்சுக்குங்க. பேரை எடுத்துட்டு எழுதிக்கலாமா?" என்று கேட்டேன்.

"பேரில்லாம உங்களுக்கு ஆகுமுங்களா?"

"எனக்குக் கட்டில்தாங்க வேணும்."

அப்போதுதான் தேநீர் வந்தது.

இரண்டு நாள் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, வேண்டிய மாதங்களை மட்டும் எடுத்து எழுதினோம். நோட்டு அவர் மடியில். பெயர் வரிசையை ஒரு அட்டையால் மூடிக்கொண்டு அவர் வாசிப்பார், நான் எழுதுவேன். "பதினாலு, ஈரம். பதினஞ்சு, ஈரம். ஏழு, காஞ்சிருக்குது. வெளிய வெயிலுங்க." நடுவில் பால்காரர் வருவார், காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்கப் பூங்கொடி எழுந்து போவார். போகும்போது நோட்டையும் இடுப்பில் செருகிக்கொண்டு போவார். ஒரு தடவை அட்டை நழுவிக் கீழே விழுந்தது. நான் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அட்டையை எடுத்து வைத்து, "பாருங்க மேடம், மூடிட்டேன்" என்றார்.

என் அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நான் கோளாறு என்று தள்ளிய நாட்களின் பட்டியலை வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு தேதிக்கும் பூங்கொடி நோட்டில் பதில் இருந்தது. கருவிகள் மூன்றும் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கின்றன.

விசாரணைக்கு முந்தைய நாள் புதிய அறிக்கையைத் தலைவரிடம் காட்டினேன். 'முந்தைய பரிந்துரைகள் மறுபரிசீலனை செய்யப்பட்டன' என்று தொடங்கியிருந்தேன். அவர் அந்த வரியை அடித்தார். "இது எந்த மொழி? நீங்க தப்பு பண்ணினீங்களா இல்லையா?" என்றார். 'என் முதல் அறிக்கை தவறு. துவாரங்களை மூடச் சொன்னதால் ஈரம் அதிகமாகியது' என்று மாற்றி எழுதினேன். எழுதும்போது கசந்தது. எழுதி முடித்ததும் தோளில் இருந்த சுமை பாதி இறங்கியது. உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு வரி எழுத வேண்டிவரும். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுங்கள்.

சேலத்தில் தலைவரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பூங்கொடியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அதிகாரி கெட்டவர் இல்லை. மூச்சுத்திணறி வந்த பிள்ளைகளைப் பார்த்தவர். இன்னொரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அவருக்கு. என் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இது உங்க கையெழுத்து மேடம். மூல நோட்டு எங்க?" என்று கேட்டார்.

"இருக்குது சார். காட்ட முடியாது. பிள்ளைங்க பேரு இருக்குது."

"முதல் தடவையும் உங்க கையெழுத்தைத்தான் நம்பினேன்."

அவர் கேட்டது நியாயம். நோட்டு வெளியே பெஞ்சில், பூங்கொடியின் பையில் இருந்தது. எழுந்து போய்க் கேட்டால் போதும். அந்த ஒரு கணம் எழுந்துவிடலாமா என்று கால் துடித்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

தலைவர்தான் பேசினார். "அந்த நோட்டை நானும் பார்க்கலை, சார். பார்க்க வேண்டாம்னு இவங்க சொன்னதை ஏத்துக்கிட்டேன். தப்பா போனா என் பேரையும் சேர்த்து எழுதிக்குங்க. எழுதினவங்க வெளிய உட்கார்ந்திருக்காங்க. எங்களைக் கேக்கறதை விட அவங்களைக் கேளுங்களேன்."

பூங்கொடி உள்ளே வந்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். பன்னிரண்டாவது என்றார். பிறகு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"தெனமும் தொடைக்கறது நானுங்க சார்."

அவரே தொடர்ந்தார். "மேல அடைச்சதத் தொறந்து வுடுங்க. துணி காயப்போட வெளிய ஒரு தகரக் கொட்டாய் போட்டுக் குடுங்க. கட்டிலையெல்லாம் செவுத்த விட்டு ஒரு மொழம் தள்ளிப் போட்டுக்கறோம். பதினஞ்சு நாள் குடுங்க சார். அப்பவும் நனைஞ்சா நானே புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மலையெறங்கறனுங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். பிறகு தன் ஆள் ஒருவர் தினமும் காலையில் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்து எழுத வேண்டும், மூச்சுத்திணறல் வந்த இருவரும் அதுவரை கூடத்தில் படுக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டுப் பதினைந்து நாள் கொடுத்தார்.

ஆறாவது நாள் பதினான்காம் கட்டில் மெத்தை காய்ந்திருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வடகிழக்கு மூலை அடம்பிடித்தது. உள்பக்கம் பலகை அடித்து இடைவெளியில் பஞ்சு வைத்த பிறகுதான் அடங்கியது. துவாரம் திறந்ததில் குளிர் தாங்கவில்லை என்று பிள்ளைகள் என்னைத் திட்டியதாகக் கேள்வி. ஆளுக்கு இன்னொரு கம்பளி வந்தது. விடுதி மூடப்படவில்லை.

அதைப் பற்றி ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை எழுதினேன். பிரிவில் யார் எழுதினாலும் தலைவர் பெயரைச் சேர்ப்பது எங்கள் வழக்கம். என் பெயர், அவர் பெயர், கடைசியில் சிறிய எழுத்தில் 'உள்ளூர்ப் பணியாளர்களின் உதவிக்கு நன்றி.' தலைவர் வாசித்துவிட்டுப் பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்தார்.

"நான் பண்ணினது உங்களைப் பஸ் ஏத்தி விட்டது மட்டும்தான். உள்ளூர்ப் பணியாளர்னு ஒருத்தரைப் போட்டிருக்கீங்களே, அவங்களுக்குப் பேரு கிடையாதா?"

தலையில் தட்டிக்கொண்டேன். அத்தனைக்கும் பிறகும் என் கை பழக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. 'மா. பூங்கொடி, விடுதிக் காப்பாளர், ஏற்காடு' என்று முதல் பெயராகப் போட்டேன். இவருடைய பங்களிப்பு என்ன என்று ஆசிரியர் குழு கடிதம் எழுதிக் கேட்டது. அளவெடுத்தது, சோதனை செய்தது, முடிவுக்கு வந்தது என்று பதில் போட்டேன். அப்படியானால் உங்கள் பங்களிப்பு என்ன என்று அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை, பிழைத்தேன்.

கட்டுரை அச்சான பிரதியோடு மலைக்குப் போனேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். பூங்கொடி சமையல்கட்டில் பிள்ளைகளுக்குச் சுண்டல் வேகவைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தன் பெயரை விரலால் ஒருமுறை தொட்டார். சிரித்தார். உடனே உள்ளே புரட்டி, அட்டவணைகளை ஒவ்வொரு வரியாகப் பார்க்க ஆரம்பித்தார். எல்லாப் பக்கமும் பார்த்து முடித்தார்.

"ஒரு புள்ள பேரும் இல்லீங்க" என்றார்.

"இல்லைங்க."

"அப்ப அந்த நோட்டு இனிமே யாருக்காச்சும் வேணுங்களா மேடம்?"

மூலப் பதிவைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது நம் தொழிலில் முதல் பாடம். நானே உங்களில் பலருக்கு நடத்தியிருக்கிறேன். நாளைக்கு ஒருவர் என் கட்டுரையைச் சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு உலகத்தில் அந்த ஒரு நோட்டுதான் இருந்தது. அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் வேண்டும் என்று சொல்லியிருந்தால் வைத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

"வேண்டாமுங்க" என்றேன்.

அலமாரியிலிருந்து எடுத்துவந்து, இரண்டாகக் கிழித்து, சுண்டல் வெந்துகொண்டிருந்த அடுப்பில் செருகினார். அட்டை சீக்கிரம் பிடிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த விறகுக் குச்சியால் நான்தான் உள்ளே தள்ளிவிட்டேன். மூல நோட்டு எங்கே என்று இத்தனை வருடமாகக் கேட்டுவரும் நண்பர்களுக்கு இதுதான் என் பதில். நான் செய்தது தவறு என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். வாருங்கள், சண்டை போடுவோம். ஆனால் பாராட்டுப் பத்திரத்தை மட்டும் அடுத்த முறை திருத்தி வாசியுங்கள். காரணம் கண்டுபிடித்தவர் மா. பூங்கொடி.

நாலரை மணிக்குப் பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். "தள்ளாதீங்க சாமி, அல்லாத்துக்கும் இருக்குது" என்று பூங்கொடி கரண்டியால் போட்டுக்கொண்டே இருந்தார். நானும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றிலும் உட்கார்ந்து, ஒருத்தி தட்டிலிருந்து இன்னொருத்தி எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் அந்தப் பதினான்காம் கட்டில் பெண் யார் என்று எனக்குத் தெரியவில்லை. பூங்கொடி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.